பெட்டியும் பட்டியலும்

பேஸ்லைன் வீதி வடக்கு நோக்கிச் சென்று களனிப் பாலத்தை அணுகுமிடத்தே ஒருகொடவத்தைச் சந்தி அமைந்துள்ளது. அவ்வழியாகப் பயணஞ் செய்வோர் எவரும் கொள்கலன் லொறிகளின் பின்னே காத்து நில்லாமல் சென்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் இருபதடி, நாற்பதடி இரும்புப் பெட்டிகள் பல இப்பகுதியின் முற்றங்களுக்கே கொண்டுவரப்படுகின்றன. முத்திரை உடைக்கப்பட்டுக் கதவு திறக்கப்படும் வேளையில், அங்கு நிற்பவரின் கையில் ஒரு தாள் இருக்கும். பெட்டிக்குள் என்னென்ன பொதிகள், எத்தனை, ஒவ்வொன்றின் நிறை எவ்வளவு என்று வரிவரியாக எழுதப்பட்ட தாள் அது. வணிகர் அதனைப் 'பக்கிங் லிஸ்ற்' என்பர். நாம் பொதிப்பட்டியல் என்று கொள்வோம்.

இத்தாளைக் குறித்துச் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெட்டி கப்பலில் வருகின்றது. பட்டியலோ வேறு வழியாக வருகின்றது. முன்னாளில் தபாலில் வந்தது. இந்நாளில் மின்னஞ்சலில் வருகின்றது. பெட்டி கடலில் விழுந்து அமிழ்ந்து போயினும் பட்டியல் வணிகரின் மேசையிலே பத்திரமாகக் கிடக்கும். அதனைக் காட்டியே அவர் காப்புறுதிப் பணம் கேட்பார். உள்ள ஒரேயொரு பட்டியலையும் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டியனுப்பும் வணிகர் ஒருவர் இருப்பாராயின், அவருடைய வியாபாரம் நெடுநாள் நடவாது.

ஆயினும் எம்மிற் பெரும்பாலார் வீட்டிலே செய்து வருவது அதுவேயாம். இன்று ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன? முன்னாளில் இரும்புப் பெட்டகத்திலோ பிஸ்கற் தகரத்திலோ இருந்த காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, சாதாரண தரப் பெறுபேறு ஆகியவற்றின் படங்களெல்லாம் இன்று கணினியில் ஒரு கோப்புறைக்குள் அடுக்கப்பட்டுள்ளன. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் திருமணப் படங்கள் அதற்குள். மறைந்துபோன பாட்டியார் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவும் அதற்குள். இவற்றின் பெயர்களை அறிய வேண்டுமாயின் அந்தக் கணினியைத் திறந்தே பார்க்க வேண்டும். அது பழுதுற்ற நாளில், கோப்புகள் மறைவதோடு, என்னென்ன கோப்புகள் இருந்தன என்னும் அறிவும் சேர்ந்தே மறைந்துவிடுகின்றது.

இவ்விரண்டாவது இழப்பு சிறிதென எண்ணுவோர் கொழும்புத் தமிழரின் அனுபவத்தைச் சற்றே நினைந்து பார்த்தல் நன்று. 1983 யூலையில் வெள்ளவத்தை முதலிய இடங்களில் வீடுகள் எரிந்தபோது, உயிர் தப்பி அகதி முகாம்களிலே தங்கியிருந்தோர் பின்னர் தாம் இழந்த பொருள்களை நினைவிலிருந்தே எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. மேசை, கதிரை, தையல் இயந்திரம் என்பன நினைவில் நின்றன. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கடதாசிகள் எவையெவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? நினைவு பெரிய பொருளைத்தான் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய தாளை விட்டுவிடும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்த வேளையில் இந்நிலையே மற்றொரு வடிவில் தோன்றியது. கட்டிலின் மேல் கதிரையை வைத்து, கதிரையின் மேல் கணினிப் பெட்டியை ஏற்றி வைத்தாலும், நீர் அதற்கு மேலும் ஏறிய வீடுகள் இருந்தன. ஒருகொடவத்தையிலிருந்து அவ்விடங்கள் நெடுந்தூரமல்ல.

நூல்களின் உலகிலும் இதுவே கதை. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன என்பதை அறியாத தமிழ் மாணவர் இலர். எண்ணைச் சொல்ல ஒரு வரி போதும். அவற்றுள் வேறெங்குமே இல்லாதிருந்தவை எவை என்று சொல்வதற்கோ பெயர்கள் வேண்டும். பெயரற்ற இழப்பைத் தேடிப் பிடித்து ஈடுசெய்ய எவராலும் இயலாது.

இதற்கு மாறான உதாரணம் ஒன்றும் எம்மிடம் உண்டு. கண்டியில் ஆசிரியப் பணி புரிந்து பின்னர் சென்னைக்குச் சென்ற ஸ்கொத்லாந்துக்காரராகிய ஜோன் மர்டொக், அதுவரை அச்சேறிய தமிழ் நூல்களை வகைப்படுத்தி ஒரு பட்டியலை 1865 இல் வெளியிட்டார். அவர் நூல்களைச் சேர்த்துப் பாதுகாத்தவர் என்பதைக் காட்டிலும் பெயர்களைச் சேர்த்து அச்சிட்டவர் என்பதே பொருத்தம். அவர் நோக்கம் கிறித்தவ சமயப் பணியைச் சார்ந்தது. தமிழ் நூல்களைப் பற்றிய அவருடைய அபிப்பிராயங்கள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் இன்றும் அப்பட்டியலைத் திறக்காமல் இருப்பதில்லை. பெயர் அச்சில் நின்றமையால், 'இப்படி ஒரு நூல் இருந்தது, இனித் தேடுவோம்' என்று புறப்பட அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகர் வரும். அங்கிருந்த பெருநூலகத்தைத் துணையாகக் கொண்டு, கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே கலிமாக்கஸ் என்னும் கிரேக்கப் புலவர் ஒரு நூற்பட்டியல் செய்தார். அதுமட்டுமே 120 சுருள்களாக இருந்தது என்பர். நூலகமும் போயிற்று, பட்டியலும் போயிற்று. பிறர் தம் நூல்களில் எடுத்தாண்ட துண்டுகள்தாம் மிஞ்சின. பட்டியலை வெளியே வைத்தல் வேண்டும் என்பதோடு, அதற்குப் படிகளும் பல வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நிற்க. எமது கோப்புறைக்குத் திரும்புவோம்.

விண்டோஸ் கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்தவுடன் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன. இதனை அப்படியே அச்சிட ஒரு பொத்தான் இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். தேடிப் பார்த்தால் அது இல்லை! கடிதத்தை அச்சிடலாம், படத்தை அச்சிடலாம். அவற்றின் பெயர்ப் பட்டியலை அச்சிட நேரான வழி வைக்கப்படவில்லை. வியப்பு என்னவென்றால், பழைய கணினிகளில் அவ்வழி இருந்தது என்பதே. 1981 இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ் என்னும் இயக்குமுறையில், டி, ஐ, ஆர் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் வட்டிலுள்ள கோப்புகளின் பட்டியல் திரையில் ஓடும். கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் வசதி 1983 இல் அதன் இரண்டாம் பதிப்போடு வந்தது. அப்பதிப்பிலேயே, அம்மூன்று எழுத்துகளின் பின் ஓர் அம்புக்குறியும் அச்சுப்பொறியின் பெயரும் இட்டால், திரைக்குச் செல்ல வேண்டிய பட்டியல் நேரே அச்சுப்பொறிக்குச் சென்றது. துளையிட்ட ஓரமுள்ள நீண்ட கடதாசியில் கறகறவென்று அது அச்சாகி இறங்கியதைப் பழைய கந்தோர்களில் பணிபுரிந்தோர் நினைவுகூரக்கூடும்.

அந்த மூன்றெழுத்துக் கட்டளை இன்றும் விண்டோஸினுள்ளே உயிரோடிருக்கின்றது. அதனை அழைக்கும் வழி வருமாறு. பட்டியல் வேண்டிய கோப்புறையைத் திறந்து, மேலே அதன் முகவரி தெரியும் நீண்ட கட்டத்தில் சொடுக்கி, அங்குள்ளதை அழித்துவிட்டு, சி, எம், டி என்னும் எழுத்துகளைத் தட்டி என்ரர் விசையை அழுத்துக. கறுப்புச் சாளரம் ஒன்று தோன்றும். அதில் டி-ஐ-ஆர் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, வலப்புறம் கூர்நுனி கொண்ட அம்புக்குறியை இட்டு, மீண்டும் இடைவெளி விட்டு, பட்டியலுக்கு ஒரு பெயரை எழுதி, அப்பெயரின் இறுதியில் ஒரு புள்ளியும் ரி, எக்ஸ், ரி என்னும் எழுத்துகளும் சேர்த்து என்ரரை அழுத்தினால் முடிந்தது. திரையில் ஒன்றும் நிகழாதது போலத் தோன்றும். பட்டியல் அப்பெயருடைய கோப்பாக எழுதப்பட்டிருக்கும். அதனை நோட்பேட்டில் திறந்து அச்சிடலாம். உட்கோப்புறைகளில் உள்ளவையும் வேண்டுமாயின், டி-ஐ-ஆர் என்பதன் பின் இடைவெளி விட்டு ஒரு சாய்கோடும் எஸ் என்னும் எழுத்தும் சேர்க்க வேண்டும். பெயர்கள் மட்டும் போதும், திகதியும் அளவும் வேண்டா என்பவர் மற்றொரு சாய்கோட்டையும் பி என்னும் எழுத்தையும் சேர்ப்பர். ஆனால் திகதியையும் அளவையும் விட்டுவிடுதல் எமக்கு உடன்பாடன்று. பொதிப்பட்டியலில் நிறை எழுதப்படுவது வீணுக்கல்ல. மேலும் அவற்றோடு எடுத்த பட்டியலின் அடியில் மொத்தக் கோப்புகள் எத்தனை, மொத்த அளவு எவ்வளவு என்ற கூட்டுத்தொகை தானே வந்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பட்டியலை அதே கோப்புறையில் எழுதச் சொன்னால், பட்டியலின் பெயரும் பட்டியலில் ஒரு வரியாக வந்து நிற்கும். அதன் அளவு பெரும்பாலும் பூச்சியம் என்று காட்டப்பட்டிருக்கும். எழுதி முடிக்குமுன்னரே தன்னைத்தானே எண்ணிக்கொண்டமையே காரணம். எனவே பென் ட்ரைவ் போன்ற வேறோர் இடத்தில் அதனை எழுதுவித்தல் சிறந்தது.

கறுப்புச் சாளரத்தைக் கண்டு கூசுவோர்க்கு வேறு வழிகளும் உள. கோப்புகள் அனைத்தையும் தெரிவு செய்து, ஷிப்ட் விசையை அழுத்தியவாறு வலப்பொத்தானைச் சொடுக்கினால், முகவரியாகப் பிரதி செய் என்னும் பொருள்பட ஒரு வரி தோன்றும். அதனைத் தெரிந்து நோட்பேட்டில் ஒட்டினால் பெயர்கள் வரிவரியாக விழும். கோப்புறையின் முகவரியை இணைய உலாவியின் முகவரிக் கட்டத்தில் ஒட்டினாலோ, அது ஓர் இணையப் பக்கம் போலவே பட்டியலைக் காட்டும், அப்பக்கத்தை அச்சிடலாம். அப்பிள் கணினி வைத்திருப்போர் கோப்புகளைத் தெரிந்து பிரதி செய்து, வடிவமற்ற வெறும் எழுத்தாக ஒட்டினாலே போதும்.

இனித் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உரிய இடர் ஒன்றைக் கூற வேண்டும். மேற்கூறிய கட்டளையின்படி பட்டியலை எடுத்து அச்சிட்டுப் பார்த்தால், ஆங்கிலப் பெயர்கள் செவ்வனே இருக்கும். தமிழ்ப் பெயர்கள் இருந்த இடங்களிலோ கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். 'அம்மா' என்று பெயரிட்ட கோப்புக்கு ஐந்து கேள்விக்குறிகள். அ, ம், மா என்று மூன்றெழுத்துத்தானே என்பீர்கள். கணினியோ மகரத்தையும் புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணுகின்றது. கோப்பு கெட்டுவிடவில்லை. அந்தப் பழைய சாளரம் தமிழறியாத காலத்துக் குறியீட்டு அட்டவணையைக் கையில் வைத்திருக்கின்றது; அதில் இல்லாத எழுத்தெல்லாம் அதற்குக் கேள்விக்குறியே.

இதற்குப் பரிகாரம் எளிது. டி-ஐ-ஆர் என்று தட்டுமுன்னர், சி, எச், சி, பி என்று தட்டி, இடைவெளி விட்டு 65001 என்னும் எண்ணை இட்டு என்ரரை அழுத்துக. உலக மொழிகளை எல்லாம் உள்ளடக்கிய அட்டவணையைக் கையில் எடு என்பது அதன் பொருள். அதன் பின்னரும் கறுப்புச் சாளரத்தில் தமிழ் கட்டங் கட்டமாகத் தோன்றலாம், அஞ்ச வேண்டா. பட்டியற் கோப்பை நோட்பேட்டில் திறந்தால் தமிழ் தமிழாகவே இருக்கும்.

ஆனால் பல வீடுகளில் இவ்விடர் எழுவதேயில்லை. காரணம், கோப்புகளுக்குத் தமிழில் பெயரே இடப்படவில்லை! இப்பழக்கத்தின் வேரைச் சற்று ஆராய்தல் தகும். நெடுங்காலம் இலங்கைத் தமிழர் பாமினி என்னும் எழுத்துருவிலேயே தட்டெழுதி வந்தனர். அவ்வகை எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது போன்றது. கடிதத்துக்குள் 'அம்மா' என்று அழகாகத் தெரிவது, போர்வையை நீக்கினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கோப்பின் பெயருக்கோ அந்தப் போர்வையைப் போர்த்த வழியில்லை. ஆகையினால் கடிதம் தமிழிலும் அதன் பெயர் ஆங்கில எழுத்திலுமாக ஒரு வழக்கம் வேரூன்றிற்று. ஒருங்குறி என்னும் யுனிகோட் முறையில் 1991 இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டது. விண்டோஸ் 2000 முதல் தமிழ்ப் பெயரிடுதல் இயலும். வழி திறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் பழைய வாசலிலேயே நின்று கொண்டிருப்பது நகைப்புக்கிடமானது.

பெயர் இடும் கலையைப் பற்றி இன்னுஞ் சிறிது கூற விரும்புகின்றோம்; ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இது நாளாந்தத் தலையிடி. மாணவர் அனுப்பும் ஒப்படைகளின் பெயர்களைப் பார்த்தால், 'இறுதி', 'இறுதி 2', 'மெய்யான இறுதி' என்றவாறு இருக்கும். வருடிப் பொறியோ எதனையும் 'ஸ்கேன்' என்று சொல்லி ஓர் எண்ணை மட்டும் ஒட்டிவிடும், கமெராவும் அப்படியே. இவற்றையெல்லாம் பட்டியலாக்கி அச்சிட்டால் கையில் வருவது என்ன? 'ஸ்கேன் 1, ஸ்கேன் 2, ஸ்கேன் 3' என்று எண்பது வரிகள். பொதிப்பட்டியலில் 'ஒரு பொருள், இன்னொரு பொருள், மற்றுமொரு பொருள்' என்று எழுதியதற்கு ஒப்பானது இது. காணி உறுதி எது, பாட்டனாரின் கடிதம் எது என்று அந்தத் தாள் ஒருநாளும் சொல்லாது.

ஆதலின் பெயரிலே ஆண்டும் பொருளும் ஆளும் அமைய வேண்டும். ஆண்டை முதலிலும் மாதத்தை அடுத்தும் நாளை இறுதியிலும் எழுதினால் பட்டியல் தானாகவே கால வரிசையில் அமைந்துவிடும். நாளை முதலில் எழுதினாலோ ஒரு தை மாதமும் வேறோர் ஆண்டின் மார்கழியும் அருகருகே வந்து குழப்பும். எண் இடுவோர் 1, 2 என்னாமல் 01, 02 என எழுதுதல் நன்று. அன்றேல் டி-ஐ-ஆர் எடுக்கும் பட்டியலில் ஒன்றை அடுத்துப் பத்து வந்து, அதன் பின்னரே இரண்டு வரும். பட்டியலில் காணும் திகதியை முழுதும் நம்பிவிடவும் கூடாது. கோப்பு கடைசியாக மாற்றி எழுதப்பட்ட நாளையே அது காட்டும். 1962 இல் எடுத்த திருமணப் படத்தைச் சென்ற கிழமை வருடியிருந்தால், பட்டியல் சென்ற கிழமையையே சொல்லும். 1962 என்பதைப் பெயரில் எழுதுவது உம்முடைய பொறுப்பு.

பெயரும் எண்ணும் சேர்ந்து எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதற்கு நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைக் காட்டலாம். 2005 இல் ஆர்வலர் சிலரால் தொடங்கப்பட்ட இம்முயற்சி, இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள் எனப் பல்லாயிரம் ஆவணங்களை இன்று எவரும் படிக்க வைத்திருக்கின்றது. அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்பன அதனோடு பதியப்பட்டுள்ளன. ஊர்ச் சிற்றிதழ் ஒன்றின் தனி இதழுக்கும் அதே மரியாதைதான். வெள்ளவத்தையில் 57 ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குச் செல்லும் மாணவர்கள், அங்கு இறாக்கையில் காணாத பழைய இதழ் ஒன்றை நூலகத்தின் தளத்தில் தேடிக் கண்டுபிடித்தல் இன்று இயல்பாகிவிட்டது. ஆயினும் ஒரு குடும்பத்தின் கோப்புறைக்கு வெளியிலிருந்து எவரும் வந்து எண் இடப்போவதில்லை. அதை வீட்டார்தாம் செய்துகொள்ள வேண்டும்.

பட்டியல் பிரதியாகாது என்பதையும் மறவாதிருக்க வேண்டும். அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு போன படத்தை மீட்க இயலாது. கோப்புகளின் படி ஒன்று வேறோர் வட்டிலோ வேறோர் ஊரிலோ இருப்பது தனியே செய்ய வேண்டிய காரியம். ஆனால் அந்தப் படி முழுமையாக இருக்கின்றதா என்று சரிபார்ப்பதற்குப் பட்டியலே அளவுகோல். கனடாவிலுள்ள மகனுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் தாயார், 1,204 கோப்புகள் அனுப்பினோமே, அங்கே 1,180 தானே இருக்கின்றன என்று கேட்கக்கூடியவராக இருந்தால், காணாத இருபத்து நான்கும் எவையென்று அன்றே தேடலாம். பத்து ஆண்டுகள் கழிந்து தேடிப் பயனில்லை.

எல்லாவற்றையும் அச்சிடப் புகுந்தால் கடதாசிக்குப் பணம் போதாது. ஒரு பக்கத்துக்கு ஐம்பத்தைந்து வரி எனக் கொண்டால் 5,000 படங்களின் பெயர்களுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தாள்கள் வேண்டியிருக்கும். ஆவணங்கள் உள்ள கோப்புறைக்கு முழுப் பட்டியலும், படங்களுக்குக் கோப்புறைகளின் பெயர் மட்டுமுமாக அச்சிடுதல் போதுமானது. ரி, ஆர், ஈ, ஈ என்று கறுப்புச் சாளரத்தில் தட்டினால் கோப்புகளை விட்டுக் கோப்புறைகளை மட்டும் கிளைகிளையாக அது காட்டும். பெரும்பாலான வீடுகளுக்கு மூன்று அல்லது நான்கு தாள்களுக்குள் காரியம் முடிந்துவிடும்.

அத்தாள்களில் ஒரு படி காணி உறுதியோடு இருக்கட்டும். இன்னொரு படி வேறொரு வீட்டில், தமையனார் வீட்டிலோ தங்கையார் வீட்டிலோ இருக்கட்டும். தலைப்பில் அச்சிட்ட நாளையும், கணினி எது, வட்டு எது என்பதையும் பேனாவால் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு புதிய பட்டியல் எடுக்கும்போது பழையதைக் கிழித்தெறியாமல் இரண்டையும் மேசையில் அருகருகே விரித்து, பிள்ளை ஒருவர் வாசிக்க மற்றவர் அடையாளமிட்டுக்கொண்டு வந்தால், இடையிலே காணாமற்போன கோப்பு எதுவென்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.